பதினைந்து மில்லி

மார்ச் 4, செவ்வாய்

முதல் பந்தயத்துக்கு இன்னும் பதினோரு நாள். காரின் பின்பக்கம் முழுக்கப் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. பார்த்தால் இந்த ஜென்மத்தில் இது ஓடுமா என்று தோன்றும். எல்லா வருஷமும் அப்படித்தான் தோன்றுகிறது, எல்லா வருஷமும் ஓடிவிடுகிறது.

பாப்பா பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மாவின் வேலை’ என்று நாலு வரி எழுதச் சொன்னார்களாம். எழுதியிருக்கிறாள்: ‘என் அம்மா ரேஸ் காரில் வேலை செய்கிறார். என் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.’ டீச்சர் சிவப்பில் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார். அவள் எழுதியது அத்தனையும் உண்மை. லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள் நான்.

டீச்சருக்கு எப்படிப் புரியவைப்பது? காரில் அறுபத்திரண்டு சென்சார் இருக்கிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தார், ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினார், சக்கரம் எத்தனை மில்லி மேலே எழும்பியது, எல்லாம் கோடு கோடாக என் லேப்டாப்புக்கு வரும். கார் உள்ளே வந்ததும் ஓடிப்போய் ஒயரைச் சொருகி அதையெல்லாம் இறக்கி, எந்த வளைவில் நேரம் போனது என்று சாருக்குச் சொல்ல வேண்டும். மீதி நேரத்தில் டயர் காற்று, பெட்ரோல் கணக்கு, சார் தேடுகிற பேனா.

இதையெல்லாம் எழுதாமல், ‘உண்மைதான்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

முப்பத்தாறு டயருக்கும் நம்பர் போட்டு முடித்தாயிற்று. இடுப்பு கழன்று கையில் வந்துவிட்டது. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

முதல் பந்தயம். டிராக்குக்குள் காலடி வைத்ததும் அந்த ரப்பர் வாசனை. ஐந்து வருஷமாகியும் ஒவ்வொரு தடவையும் நின்று மூச்சை இழுத்துக்கொள்கிறேன். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று இருக்கிறது சில நாள்.

இன்றைய ஓட்டம்தான் சரியில்லை. நாளைய பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் பதினான்காவது இடம். போன வருஷம் இதே டிராக்கில் ஐந்தாவது.

எங்கள் ஓட்டுநருக்கு வாத்தியார் என்று பெயர். பந்தயம் இல்லாத நாட்களில் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறார், அதனால். ஐந்தாம் வளைவு நீளமான வலது வளைவு. போன வருஷம் அதில் ஆக்சிலேட்டரிலிருந்து காலே எடுக்காமல் போனவர், இன்று ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கிறார். திரையில் போன வருஷக் கோட்டையும் இந்த வருஷக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

“பின்பக்கம் திடீர்னு உதறுது சார். நல்லா போய்க்கிட்டே இருக்கும், டக்குனு கை விட்டுடுது” என்றார், ஹெல்மெட்டைக் கழற்றியும் கழற்றாமலும்.

சார் என்னைப் பார்த்தார். சார்தான் தலைமைப் பொறியாளர், கார் எப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்பவர். நான் சொன்னேன்: “இடது பின் சஸ்பென்ஷன் அமுங்க இன்னும் பதினஞ்சு மில்லி இடம் மிச்சம் இருக்கு சார். அடியில போய் இடிக்கவே இல்ல. உதற வேண்டிய காரணமே இல்ல.”

வாத்தியார் தண்ணீர் குடித்தார்.

அவர் போனபிறகு சார் மெதுவாகச் சொன்னார்: “போன சீசன் கடைசியில கார் மோதி பட்ட அந்த அடி. தோள்பட்டை எலும்பு. உள்ளுக்குள்ள பயம் உக்காந்துடுச்சும்மா.”

மார்ச் 16, ஞாயிறு

பந்தயத்தில் பன்னிரண்டாவது. கார் முழுசாக வந்தது. அதுவே போதும் என்று சொல்லிக்கொண்டோம். யாரும் நம்பவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

முதலாளியம்மா ஆபீஸில் கூட்டம். அந்த அம்மாவுக்கு லாரி கம்பெனி, பந்தய அணி அவருடைய ஆசைக்கு. சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

“எனக்கு இந்த வளைவு கிளைவு எல்லாம் புரியாது. நம்பர் என்ன சொல்லுது?”

என்னிடம்தான் கேட்டார். வாத்தியார் எதிர் நாற்காலியில். படத்தைப் பெரிய திரையில் போட்டேன். பதினைந்து மில்லி மிச்சம் என்று மறுபடி சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. நம்பர் இருந்தால் எனக்குத் தைரியம் தானாக வந்துவிடும்.

அந்த அம்மா வாத்தியாரைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு உதறின மாதிரிதான் இருந்தது. ஆனா தங்கச்சி சொல்றாங்கன்னா சரியாதான் இருக்கும். அவங்க தப்பு பண்ண மாட்டாங்க.”

ஏப்ரல் ஐந்து டெஸ்டில் வேறு ஒருவரை ஓட்டவைத்துப் பார்ப்பதாக முடிவு. அவர் தேறிவிட்டால் வாத்தியாருக்கு இந்த சீசனோடு இல்லை, அந்த டெஸ்டோடு முடிந்தது.

மார்ச் 19, புதன்

என்னமோ சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நல்ல ஞாயிறு. வீட்டுக்காரருக்கு இன்று அழைப்பு எதுவும் வரவில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால்தான் ஜனங்கள் மாட்டிக்கொள்வார்கள். மூன்று பேரும் மதியம்வரை தரையிலேயே கிடந்தோம். பாப்பா எங்கள் இரண்டு பேர் காலையும் ரிப்பனால் கட்டி, “இப்ப எழுந்திரிங்க பாப்போம்” என்றாள். எழுந்தோம், விழுந்தோம்.

அம்மா போனில்: “இன்னும் அந்தக் கார் சுத்துற எடத்துலதான் இருக்கியா?”

“ஆமாம்மா.”

“சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தானே வருது? அதுக்கு எதுக்கு அத்தனை வேகம்?”

அம்மாவுக்கு ஒரு வெற்றி.

சாயங்காலம் வீட்டுக்காரர் வாத்தியாரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். “பாவம்” என்றார். நானும் பாவம் என்றேன், எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

மார்ச் 27, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை பத்து மணி. பெரியண்ணன் – தலைமை மெக்கானிக், எல்லோருக்கும் அவர் பெரியண்ணன்தான் – பின் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதன் தண்டில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று மாட்டியிருப்பார்கள். சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது நகர்ந்து, அங்கேயே நின்றுவிடும். ஒயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, வெறும் வளையம். அதைப் பார்க்கிற வழக்கமே எங்களுக்குப் போய்விட்டது. சென்சார் இருக்கும்போது எதற்கு?

“ஏம்மா, இடது பின்பக்கம் அடி வரைக்கும் போயிருக்கே” என்றார், பேச்சோடு பேச்சாக.

“இருக்காது அண்ணா. பதினஞ்சு மில்லி மிச்சம்.”

“அப்படியா? வளையம் அடியில ஒட்டிக்கிட்டு நிக்குது. வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு நின்றது. பதினைந்து மில்லி என்ன, ஒரு மில்லி இடம்கூட இல்லை. கழற்றும்போது கை பட்டு நகர்ந்திருக்கும் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

நான் நகரவில்லை. சென்சாரை மேஜைமேல் வைத்து லேப்டாப்பில் சொருகினேன். இரும்பு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து சரியாக இருபது மில்லி தள்ளினேன்.

திரையில் பதினைந்து.

நாற்பது தள்ளினேன். முப்பது. அறுபது தள்ளினேன் – அதுதான் அந்த சஸ்பென்ஷனின் முழு நீளம் – நாற்பத்தைந்து.

அறுபதில் நாற்பத்தைந்து போனால் பதினைந்து.

ஐயோ.

ஜனவரியில் பழைய சென்சாருக்குப் பதில் புதுசு மாட்டினோம். பழையது எழுபத்தைந்து மில்லி நீளம். புதுசு நூறு. அந்த நம்பரை லேப்டாப்பில் மாற்ற வேண்டியது என் வேலை. மாற்றவில்லை. மறந்துட்டேன். காய்ச்சல் இல்ல, அவசரம் இல்ல, யாரும் கூப்பிடல. சும்மா மறந்துட்டேன்.

அப்ப அந்தக் கார் ஒவ்வொரு சுத்துலயும் அடியில போய் இடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான் மிச்சம் இருக்குன்னு சொன்னதை நம்பித்தானே சார் பின்பக்கத்தை இன்னும் கீழ இறக்கினாரு? அவர் இறக்க இறக்க அது உதறியிருக்கு. அந்த மனுஷன் வந்து சொன்னாரு. வாயைத் திறந்து சொன்னாரு. கோட்டோட உச்சி வெட்டி வெச்ச மாதிரி சமமா இருந்ததே, அடியில முட்டினாத்தானே அப்படி வரும், அதைக்கூட நான் ஏன்னு கேக்கலை.

அவங்க தப்பு பண்ண மாட்டாங்கன்னு சொன்னாரே.

சார் வெளியூர் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். சென்சாரை உறையில் போட்டு என் பையில் வைத்திருக்கிறேன். ஒன்று எழுதியாக வேண்டும், இது எனக்கு நானே எழுதுவது என்பதால். மதியம் ஒரு கால்மணி நேரம் நினைத்தேன். நம்பரைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு ‘சென்சார் கெட்டுப்போச்சு சார்’ என்று சொல்லிவிட்டால்? வாத்தியாருக்கும் நியாயம் கிடைக்கும். எனக்கும் ஒன்றும் ஆகாது. யாருக்கு நஷ்டம்? கால்மணி நேரம் முழுசாக நினைத்தேன்.

வீட்டுக்காரரிடம் அதையும் சேர்த்தே சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: “போய் உள்ளதைச் சொல்லு. ஆனா அழாம சொல்லு. நீ அழுதா அவங்க உன்னைச் சமாதானப்படுத்த வேண்டி வரும். பாதிக்கப்பட்டவங்க தலையில அந்த வேலையையும் கட்டாதே.”

மார்ச் 28, வெள்ளி

அழவில்லை.

சார் கதவைத் திறந்ததும் ஸ்கேலையும் சென்சாரையும் மேஜைமேல் வைத்துச் செய்து காட்டினேன். இருபதுக்குப் பதினைந்து. நாற்பதுக்கு முப்பது. மூன்றாவது தடவை அவரே தள்ளிப் பார்த்தார்.

“யார் போட்டது இந்த நம்பர்?”

“நான்தான் சார். ஜனவரியிலேயே மாத்தியிருக்கணும். மாத்தலை.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “பயம்னு சொன்னது நான். நீ ஒரு நம்பர் சொன்னே, நான் ஒரு ஆளையே சொல்லிட்டேன்” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “முதலாளியம்மாகிட்ட நான் பேசறேன். அவர்கிட்ட நீ போ. போன்ல வேண்டாம்.”

பஸ் பிடித்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சிமெண்ட் மைதானம், ஆரஞ்சுக் கூம்புகள். வாத்தியார் ஒரு நடுத்தர வயது அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “பரவால்லம்மா, கூம்புக்கு வலிக்காது, இன்னொரு தடவை” என்று அவர் சொல்வது பெஞ்சுவரை கேட்டது. நாலு கூம்பு விழுந்தது. நாலு தடவையும் அவரே இறங்கி நிமிர்த்தி வைத்தார்.

பாடம் முடிந்து சிரித்துக்கொண்டே வந்தார். “என்ன தங்கச்சி, கடைசில வண்டி கத்துக்க வந்துட்டியா?”

சொன்னேன். முழுவதும், ஜனவரியிலிருந்து.

“அப்ப நிஜமாவே இடிச்சுதா?”

“ஒவ்வொரு சுத்துலயும்.”

கையிலிருந்த சாவியைப் பார்த்தார். “போன வாரம் என் வீட்டம்மாகிட்ட சொன்னேன், எனக்குப் பயம் வந்துடுச்சு போல, நிறுத்திடறேன்னு. அவ அழுதா. நிம்மதியில அழுதாளோ என்னமோ. பையன்கிட்டயும் சொல்லிட்டேன்.” சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “காலை எடுக்கும்போதெல்லாம் எனக்கே என்மேல அசிங்கமா இருந்தது, தெரியுமா? பத்து நாளா கண்ணாடியில மூஞ்சியைப் பாத்து, நீ பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.”

மன்னிச்சிடுங்க என்றேன்.

“இன்னிக்கு என்னால எதுவும் சொல்ல முடியாதும்மா. நீங்க போங்க.”

நீங்க. ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 1, செவ்வாய்

முதலாளியம்மா கூப்பிட்டுவிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்துப் போனேன்.

“நீயா வந்து சொன்னியா, இல்ல மாட்டிக்கிட்டியா?”

“நானா வந்து சொன்னேன். ஆனா கால்மணி நேரம் யோசிச்சேன்.”

இதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அடுத்த பந்தயத்துக்கு நீ வர வேண்டாம். வீட்ல இரு. அதுக்கப்புறம் வா. எந்த நம்பர் போட்டாலும் இன்னொருத்தர் ஸ்கேல் வெச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். சரியா?”

சரி என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். ஐந்து நிமிஷம். கணக்குத் தீர்ந்தது.

ஏப்ரல் 5, சனி

முதல் பந்தயம் நடந்த அதே டிராக்கில் டெஸ்ட். வேறு ஆள் வரவில்லை. வாத்தியார்தான் ஓட்டினார்.

பின்பக்கத்தை ஏழு மில்லி உயர்த்தியிருந்தோம். நம்பரைப் பெரியண்ணன் ஸ்கேல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ‘இதுவரைக்கும் என் கையெழுத்து பாங்குல மட்டும்தான் செல்லும்’ என்று அவருக்கு ஒரே பெருமை.

முதல் சுற்றில் ஐந்தாம் வளைவில் வாத்தியார் காலை எடுத்தார். இரண்டாவதிலும். பழக்கம். உடம்பு மறக்க வேண்டுமே. மூன்றாவதில் பாதிதான் எடுத்தார். நான் திரையை விட்டுவிட்டு எழுந்து வேலி ஓரம் போய் நின்றேன். நாலாவது சுற்று. எஞ்சின் சத்தம் வளைவுக்குள் நுழைந்தது, குறையவில்லை, குறையவில்லை, அப்படியே வெளியே வந்தது.

ரேடியோவில் சார் கேட்டார், “எப்படி இருக்கு?”

“உதறலை.”

அவ்வளவுதான். பெரியண்ணன் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

வாத்தியார் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். “மேடம், முன் டயர் காத்து எவ்வளவு?” இருபத்தாறு என்றேன். “நன்றி மேடம்.” அது அவர் உரிமை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டாவது பந்தயம். நான் வீட்டில். சோபாவில் உட்கார்ந்து சுற்று நேரங்களைப் போனில் பார்த்தேன். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார், நம்ம ஆள் எங்கே, நம்ம ஆள் எங்கே என்று. பாப்பா ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். துடைத்தால் போகும் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

நான்காவது! கடைசிச் சுற்றில் ஒருவரைத் தாண்டி நான்காவது! மூன்று பேரும் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னோம். “எந்த விளையாட்டு இது?” என்று கேட்டுக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அங்கே இல்லையே என்று இருந்தது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சுவரில் கோடுகள் போகவில்லை.

மே 10, சனி

மூன்றாவது பந்தயம், நான் திரும்ப வந்திருக்கிறேன். காலைப் பயிற்சியில் ஆறாவது சுற்றிலேயே வாத்தியார் உள்ளே வந்துவிட்டார்.

“வலது முன்பக்கம் என்னமோ சரியில்ல. பிரேக் போடும்போது ஸ்டீரிங் ஒரு நூல் அசையுது.”

நான் கோடுகளைப் பார்த்தேன். ஸ்டீரிங், பிரேக், சக்கர வேகம், எல்லாம் சுத்தம். நேற்றைய கோடுகள் மாதிரியே. வெளியே ஒவ்வொரு நிமிஷமும் பயிற்சி நேரம் போய்க்கொண்டிருந்தது. பிரித்தால் தகுதிச் சுற்றும் கிடைக்காது, கடைசியிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

சார் என்னைப் பார்த்தார். வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை, கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க ஒண்ணும் தெரியலை சார்,” என்றேன். “ஆனா அவர் இருக்குன்னு சொல்றாரு. பிரிச்சுடலாம்.”

“நிச்சயமா? கடைசி இடம்மா.”

“பிரிச்சுடலாம் சார்.”

ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் ஒரு மணி நேரம் எதுவும் கிடைக்கவில்லை. என் காது சூடாகிவிட்டது. அப்புறம் பெரியண்ணன் டார்ச்சைக் கேட்டார். ஸ்டீரிங் கம்பியைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டில், அடிப்பக்கம், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். இரண்டு விரலால் அசைத்ததும் வாயைத் திறந்தது.

ஐந்தாவது கியரில் அது திறந்திருந்தால்? எழுத வேண்டாம்.

பெரியண்ணன் அந்தத் துண்டை ஆளாளுக்குக் கையில் கொடுத்துக் காட்டினார். வாத்தியார் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியலையா, தங்கச்சி?”

“ஒண்ணுமே தெரியலைண்ணா.”

“ம்” என்றார். அப்புறம் அவர் கொண்டுவந்த பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து என் லேப்டாப்மேல் வைத்துவிட்டுப் போனார். விசைகளுக்கிடையில் எல்லாம் தூள்.

மே 11, ஞாயிறு

கடைசி இடத்திலிருந்து கிளம்பி எட்டாவதாக வந்தார். பதினாறு பேரைத் தாண்டியிருக்கிறார். இரண்டு பேரை ஒரே வளைவில், வெளிப்பக்கமாக. அதை மட்டும் நான் ஏழு தடவை போட்டுப் பார்த்தேன், வேலை சம்பந்தமாக இல்லை.

மே 13, செவ்வாய்

பட்டறை. லாரியிலிருந்து சாமான் இறக்கினோம். விரிசல் விட்ட துண்டை சார் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

மதியம் அடுத்த பந்தயத்துக்கான வேலைப் பங்கீட்டுத் தாளை அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார். எப்போதும் போல டேட்டா, டயர், பெட்ரோல் என்று என் பெயர் மூன்று இடத்தில். கீழே போனால் நாலாவதாக ஒரு இடம். ‘ரேடியோவில் ஓட்டுநருடன் பேசுபவர்’. ஐந்து வருஷமாக அந்தக் கட்டத்தில் சாரின் பெயர்தான் இருக்கும். அதை அடித்துவிட்டு என் பெயர். பக்கத்தில் பென்சிலில், சாரின் கோணல் எழுத்தில்: ‘அவர் கேட்டுக்கொண்டபடி.’

ரெண்டு தடவை படித்தேன். பிறகு டயர்களை எண்ணப் போனேன். முப்பத்தாறும் இருந்தது.